ஆறு வயது மகளுக்குக் கழுத்தில் நெறிக்கட்டி, இரண்டு மாதமாக வற்றவில்லை

கனகராயன்கரை:

வணக்கம். நாங்கள் மாங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் ஆண்டு ஒன்று படிக்கிறாள். பொங்கலன்று தலைக்கு வார்க்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது: வலப்பக்கக் கழுத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு நெறிக்கட்டி. இப்போது பங்குனி, அது பாக்களவு ஆகிவிட்டது. பக்கத்தில் இன்னும் இரண்டு சேர்ந்து, மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டின மாதிரி இருக்கின்றன. அமத்திப் பார்த்தால் நோவில்லை என்கிறாள். காய்ச்சல் என்று சொல்ல முடியாது, பின்னேரங்களில் உடம்பு கொஞ்சம் சுடும். இருமல் அறவே இல்லை.

ஒரு தனியார் மருத்துவரிடம் இரண்டு தரம் காட்டினோம். இரண்டு தரமும் அன்ரிபயோட்டிக் பாணி தந்தார். வற்றவில்லை. மூன்றாம் தரம் போனபோது, "உள்ளுக்குச் சீழ் கட்டுது, வாற கிழமை கீறி விடுவம்" என்றார். மாமி, கீறவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பரியாரியாரிடம் பச்சிலைப் பத்துப் போட்டால் வற்றும் என்கிறா. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. உங்களில் யாருடைய பிள்ளைக்காவது இப்படி வந்ததா?

ஒட்டுசுட்டான்அக்கா:

தங்கச்சி, முதலில் பிள்ளையின் தலைமயிரைப் பிரித்துப் பாரும். என் மூத்தவளுக்குப் பிடரியில் நாலைந்து நெறி வந்து, நான் அழுது ஊரைக் கூட்டி, கடைசியில் பார்த்தால் பேன் கடித்துச் சொறிந்த புண். பேனை எடுக்க நெறியும் போய்விட்டது. சூத்தைப் பல் இருந்தாலும் தாடைக்குக் கீழே கட்டும்.

கனகராயன்கரை:

அக்கா, பல்லும் பார்த்தேன், தலையும் பார்த்தேன். பேன் இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளை எங்கே இருக்கு, ஆனால் புண் ஒன்றும் இல்லை.

பாலர்வாட்டு:

குழந்தைகள் வாட்டில் பல வருடம் வேலை செய்த மருத்துவன் நான். இங்கே எழுதுவதை வைத்து யாரும் மருந்து எடுக்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கீற விடாதீர்கள்.

ஒட்டுசுட்டான்அக்கா சொன்னதில் பிழையில்லை. பிள்ளைகளின் கழுத்து நெறிகளில் பெரும்பாலானவை தொண்டை, பல், தலைப்புண் என்று ஏதாவது சில்லறைக் காரணத்தால் வருபவை, வந்த வழியே போய்விடும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வேறு மாதிரி. ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, நோவில்லை, அன்ரிபயோட்டிக்குக்கு அசையவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக வளர்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் நான் முதலில் நினைப்பது நெறிக்கட்டிக் காசநோயைத்தான். பழைய வைத்தியர்கள் இதற்குக் கண்டமாலை என்று பெயர் வைத்திருந்தார்கள், கழுத்தைச் சுற்றி மாலை கோர்த்த மாதிரி வருவதால். இரத்தப் புற்றுநோய் வகைகளும் இதே வேடத்தில் வரலாம். குறிப்பாகக் காறை எலும்புக்கு மேலே கட்டினால் அதை உடனே பார்க்க வேண்டும். அதனால் ஊகத்தில் மருந்து தொடங்குவதும் சரியில்லை.

சாதாரணச் சீழ்க்கட்டி சிவந்து, கொதித்து, தொட விடாமல் நோகும். காசநோய்ச் சீழ் குளிர்ந்தே இருக்கும், தோல் நிறமும் மாறாது. அதைக் கத்தியால் கீறினால் வாய் மூடாது. மாதக்கணக்காகக் கசிந்துகொண்டிருக்கும், கடைசியில் சுருங்கின தழும்பும் மிஞ்சும். செய்ய வேண்டியது மெல்லிய ஊசியால் உள்ளிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுப்பது. அதில் ஒரு துளி கண்ணாடித் தட்டில் நுணுக்குக்காட்டிக்குப் போகும், ஒரு பங்கு கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பேட்டுக்கு, இன்னொரு பங்கு கிருமி வளர்க்க. ஜீன்எக்ஸ்பேட் இயந்திரம் இரண்டு மணித்தியாலத்தில் பதில் சொல்லும், காசநோயின் முக்கிய மருந்தான ரிபம்பிசின் கிருமிக்கு எடுபடுமா என்பதையும் சேர்த்து. வளர்ப்புக்கு ஆறு, எட்டுக் கிழமைகூட எடுக்கும். ஊசியில் விளங்காவிட்டால் ஒரு நெறியை முழுதாக எடுத்துப் பார்ப்பார்கள். அது அறுவைச் சிகிச்சை மருத்துவர் செய்வது, நீங்கள் பயப்படுகிற கீறல் இல்லை.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். பிள்ளையின் நிறை எப்படி? வீட்டில் யாராவது இருமுகிறார்களா?

லண்டன்வன்னியன்:

டொக்டர், பிள்ளையின் தாயைச் சும்மா பயப்படுத்தாதீர்கள். ரீபீ, அதாவது காசநோய், நெஞ்சு வருத்தம். பிள்ளைக்கு இருமலே இல்லை என்று எழுதியிருக்கிறா. பிறந்தவுடனே பிசிஜி தடுப்பூசி போட்டிருப்பார்கள், கையில் தழும்பும் இருக்கும். அதற்குப் பிறகு எப்படி ரீபீ வரும்?

பாலர்வாட்டு:

தம்பி, இந்தக் கேள்வியை வாட்டில் கிழமைக்கு ஒருவராவது கேட்பார்கள். கிருமி மூச்சோடு நெஞ்சுக்குள்தான் முதலில் போகிறது. அங்கே சத்தமில்லாமல் ஒரு சின்னப் புண் வைத்துவிட்டு, நிணநீரிலும் இரத்தத்திலும் ஏறி நெறி, முள்ளந்தண்டு, மூளை உறை, வயிறு என்று எங்கேயும் குடியேறலாம். மயிரும் நகமும்தான் மிச்சம் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்லுவார். நெஞ்சுப் புண் தானாக ஆறிவிடும், அதனால்தான் இருமல் இல்லை.

பிசிஜி தடுப்பது முக்கியமாக உயிரை எடுக்கிற இரண்டு வகைகளை: மூளைக்காய்ச்சல் வடிவம், உடம்பெங்கும் தினையரிசி தூவின மாதிரிப் பரவும் வடிவம். அதிலும் முழுக் காப்பு இல்லை. நெறிக்கட்டியை மறிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நீங்கள் இருக்கிற நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் போடுவதை 2005இல் நிறுத்திவிட்டார்கள். நோய் குறைந்த இடம், அவர்களுக்கு அந்தக் கணக்குச் சரி. இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வர முன்னமே போட்டுவிடுவார்கள். ஆறு மாதத்தில் தழும்பு தெரியாவிட்டால் திரும்பப் போடச் சொல்வதும் அதனால்தான்.

கனகராயன்கரை:

கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். போன வருடம் இதே மாதம் 17 கிலோ. நேற்று நிறுத்தோம், 17 கிலோ. ஒரு வருடமாக ஏறவே இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்த கோடு, நான் பார்க்கவில்லை.

இருமல் என்றால்... மாமா இருமுவார். அது சுருட்டு இருமல். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன்.

பழையபிஎச்ஐ:

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டார் சைக்கிளில் துணுக்காய், மல்லாவிப் பக்கமெல்லாம் சளிப் போத்தலோடு திரிந்தவன். மகள், அந்தச் சுருட்டு இருமலைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும். எத்தனை மாதமாகக் கூடியிருக்கு? ஆள் மெலிந்திருக்கிறாரா? இரவில் வேர்க்கிறதா? பிள்ளை யாரோடு படுக்கிறாள்?

பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு இந்த நோய் தொற்றுவது அருமை. பிள்ளைக்கு வந்தால் ஒரு பெரியவர் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம், அந்தப் பெரியவர் அநேகமாக அதே கூரைக்குக் கீழேதான் இருப்பார். முன்பு ஒரு வீட்டில் கைப்பிள்ளைக்கு வந்துவிட்டது, ஒருவரும் இருமவில்லை என்று சத்தியம் பண்ணினார்கள். நான் எழும்பப் போகும் நேரம் பின்பத்தியில் யாரோ இருமிக் கேட்டது. "அது எங்கட பெரியப்பா, அவர் எப்பவும் அப்பிடித்தான்" என்றார்கள்.

கனகராயன்கரை:

ஐயா, மார்கழிக்குப் பிறகு கூடித்தான் இருக்கு. வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டுகிறார். மகள் அவரோடுதான் படுப்பாள். கதை சொல்லாமல் அவளுக்கு நித்திரை வராது.

2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோது பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒருவருக்குக் கசம் என்று மருந்து கொடுத்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பழையபிஎச்ஐ:

அந்த நெருக்கத்தில் மூச்சோடு வாங்கின கிருமி வருடக்கணக்காக உள்ளே உறங்கிக் கிடந்து, வயது போய் உடம்பு தளரும்போது எழும்பும். அங்கேதான் வாங்கினார் என்று இனி யாரும் நிறுவ முடியாது, தேவையும் இல்லை. நாளைக்கே இரண்டு பேரையும் ஒன்றாக மாவட்ட மார்புநோய்க் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கோ. காசு ஒரு சதம் வேண்டாம். ஐயா விடியப் பல் தீட்ட முன்னம் நெஞ்சின் அடியிலிருந்து காறித் துப்ப வேண்டும். எச்சில் துப்பிக் கொடுத்தால் பயனில்லை, எத்தனை போத்தல் அப்படி வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

பரந்தன்சந்தி:

இதை வாசித்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. என் தம்பியின் மகனுக்கு ஒன்றரை வயதில் மூளை உறையில் வந்தது.

முதல் கிழமை சிணுங்கல் மட்டும்தான். விளையாட மாட்டான், பின்னேரம் சாடையாகக் காய்ச்சும், ஒன்றிரண்டு தரம் சத்தி எடுத்தான். பல்லு முளைக்குது என்றோம். பிறகு, பயந்திருக்கிறான் என்று கோயிலில் நூல் கட்டினோம். இரண்டாம் கிழமை எந்த நேரமும் நித்திரை. ஒரு நாள் காலை தம்பியின் மனைவி பால் கொடுக்கும்போது பார்த்தா, இடக்கண் மூக்குப் பக்கமாகத் திரும்பி இருக்கு. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் அம்மா விடவில்லை. முதுகில் ஊசி போட்டால் கால் இழுத்துவிடும் என்று வாட்டு வாசலில் இருந்து அழுதா. தம்பி கையெழுத்து வைக்கவில்லை. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் வலிப்பு வந்த பிறகுதான் ஒப்பம் வைத்தான். படம் எடுத்துப் பார்த்தபோது மூளைக்குள் நீர் தேங்கியிருந்தது. தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்தார்கள். பன்னிரண்டு மாதம் மருந்து.

கிருமி கொடுத்தது கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்து எங்களோடு மூன்று மாதம் நின்ற மச்சான். அவருக்கும் பிறகுதான் பிடிபட்டது.

இப்போது பொடியனுக்கு ஐந்து வயது. ஓடுவான், கதைப்பான். வலக்கையில் பலம் இல்லை, இடக்கையால் சாப்பிடுகிறான். அம்மா பக்கத்தில் இருந்து மீன் முள் எடுத்துக் கொடுப்பா. அந்த இரண்டு நாளைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

பாலர்வாட்டு:

பரந்தன்சந்தி, இதை எழுதியதற்கு நன்றி. முதுகு ஊசியைப் பற்றி உங்கள் அம்மாவுக்கு இருந்த பயம் வாட்டில் பாதிப் பேருக்கு உண்டு. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் நரம்பு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே, நீரும் நரம்பு இழைகளும் மட்டும் இருக்கிற இடத்தில். இடுப்பு கொஞ்ச நாள் நோகலாம், கால் இழுக்காது. பிள்ளையின் காலை இழுப்பது இந்த நோய்தான்.

எடுத்த நீரில் நிணநீர் வெள்ளணுக்கள் கூடி, புரதம் ஏறி, சீனி இறங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். கிருமி அதில் மிகக் குறைவாகவே இருக்கும், அதனால் ஜீன்எக்ஸ்பேட் "இல்லை" என்றாலும் நாங்கள் மருந்தை நிறுத்த மாட்டோம். சந்தேகம் வந்த அன்றே தொடங்கிவிட வேண்டும், கூடவே வீக்கத்தைத் தணிக்க ஸ்டீரொயிட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கிருமி தொற்றினால் நோயாக மாறுகிற வாய்ப்பும் அதிகம், வேகமும் அதிகம்.

முள்ளந்தண்டில் வந்தால் பிள்ளை குனிய மாட்டான், கீழே விழுந்த பென்சிலை முதுகை நேராக வைத்துக்கொண்டே குந்தி எடுப்பான், இரவில் நோவில் எழும்புவான். கூன் விழும் வரை காத்திருக்கக் கூடாது. வயிற்றில் வந்தால் வயிறு ஊத, கை கால் மெலியும். பூச்சி மருந்து மூன்று தரம் கொடுத்தும் ஊதின வயிறு இறங்காவிட்டால் ஸ்கான் பண்ணிப் பாருங்கள்.

கனகராயன்கரை:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன்.

மாமாவின் சளியில் கிருமி இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளினிக் வாசலில் சுருட்டை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப மடியில் வைத்தார்.

மகளுக்கு முன்கையில் மான்டூ ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் போனபோது தாதி மிஸ்ஸி ஒரு போல்பொயின்ற் பேனையை வெளியிலிருந்து உள்ளே மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தா. தடிப்பு முட்டி பேனை நின்ற இடத்தில் ஒரு கோடு, மற்றப் பக்கத்தில் ஒரு கோடு. நடுவில் அடிமட்டத்தை வைத்தா. 17 மில்லிமீற்றர். சுற்றிவர இன்னும் பெரிதாகச் சிவந்திருந்தது, அதை அளக்கவில்லை. சிவப்பு கணக்கில்லை, தடிப்புத்தான் கணக்கு, பத்துக்கு மேல் போனால் கிருமி உடம்புக்குள் போயிருக்கு என்று அர்த்தம் என்றா. நெஞ்சுப் படம் சுத்தம். கழுத்தில் ஊசியால் எடுத்ததில் ஜீன்எக்ஸ்பேட் கண்டுபிடித்துவிட்டது, ரிபம்பிசின் வேலை செய்யும் கிருமிதான்.

எச்ஐவி இரத்தமும் எடுத்தார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் போய்விட்டது. ஏன் எங்களிடம் எடுக்கிறார்கள்?

பழையபிஎச்ஐ:

எல்லோருக்கும்தான் எடுக்கிறார்கள், மகள். காசநோய் என்று பதிந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பரிசோதனை உண்டு. உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை.

கனகராயன்கரை:

சரி ஐயா, இப்போது மூச்சு வந்தது. மருந்து தொடங்கிவிட்டோம். மூன்று மருந்து சேர்ந்த பிள்ளைகளின் குளிசை, அவளின் நிறைக்கு நாலு. எதம்பியூட்டோல் தனியாக. வெறும் வயிற்றில், ஒரு கிளாசில் கொஞ்சத் தண்ணீர் விட்டுப் போட்டால் நுரைத்துக் கரைகிறது. அடியில் மண்டி நிற்கும், இன்னும் ஒரு வாய் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வைக்கிறேன். கிளினிக் அட்டையில் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறது.

லண்டன்வன்னியன்:

நான் முதலில் எழுதியதற்கு மன்னிக்கவும் அக்கா. இப்போது தேடிப் பார்த்தேன், பிள்ளைகளுக்கு நாலு மாதம் போதும் என்று இருக்கிறதே? ஏன் ஆறு?

பாலர்வாட்டு:

நல்ல கேள்வி. இந்தியா, தென்னாபிரிக்கா, உகண்டா, சாம்பியா நாடுகளில் 1204 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. கடுமையில்லாத நோய்க்கு நாலு மாதமும் ஆறு மாதமும் ஒரே பலனைத் தந்தன. கழுத்து நெறியும் அந்தக் கணக்கில் வரும். உலக சுகாதார நிறுவனமும் அதே வருடம் அதை ஏற்றுக்கொண்டது. மூளை உறைக்கும் எலும்புக்கும் அது பொருந்தாது, அங்கே வழமையான கணக்குப் பன்னிரண்டு மாதம். எந்தப் பிள்ளைக்கு எது என்று முடிவெடுப்பது பிள்ளையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர். அட்டையில் ஆறு என்று இருந்தால் ஆறு. இணையத்தில் வாசித்துவிட்டு நாலாம் மாதம் நிறுத்திவிட்டு வருபவர்களை எனக்குத் தெரியும்.

கனகராயன்கரை:

ஐந்தாம் கிழமை. பயந்துபோய் எழுதுகிறேன். நெறி சிறுக்கவில்லை, பெருத்திருக்கிறது! காதுக்குக் கீழே புதிதாக ஒன்றும் வந்திருக்கு. மருந்து ஒரு நாளும் தவறவில்லை. மாமி இப்போது பத்துப் போடத்தான் வேணும் என்று நிற்கிறா. இன்னொன்று, சலம் (சிறுநீர்) செம்மஞ்சளாகப் போகிறது. அது மஞ்சள்காமாலையா?

பாலர்வாட்டு:

பதறாதீர்கள். சலம் நிறம் மாறுவது ரிபம்பிசினால், கண்ணீர்கூடச் சிவக்கும். இதில் ஒரு தொல்லை இருக்கிறது: காமாலை வந்தாலும் சலம்தான் முதலில் கறுக்கும், அந்த அடையாளத்தை இந்த மருந்து மறைத்துவிடும். ஆகவே சலத்தைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வெள்ளை விழி மஞ்சளாகத் தெரிந்தாலோ, பிள்ளை சாப்பாட்டை வெறுத்துத் திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ, மருந்தை நிறுத்திக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈரலைப் பார்க்க வேண்டும். எதம்பியூட்டோல் கண் நரம்பைத் தொடக்கூடியது. ஆறு வயதுப் பிள்ளை தானாகச் சொல்ல மாட்டாள், சிவப்பையும் பச்சையையும் காட்டி இடைக்கிடை கேளுங்கள்.

நெறி பெருப்பது இந்த நோயில் நன்றாகத் தெரிந்த சங்கதி. மருந்து கிருமியைக் கொல்லக் கொல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தி எழும்பி அந்தக் குப்பையோடு சண்டை பிடிக்கிறது. மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கிளினிக்கில் காட்டுங்கள், மருந்தைத் தொடருங்கள். மெதுத்துத் தளும்பினால் அவர்கள் ஊசியால் இழுத்துவிடுவார்கள். பத்து வேண்டாம், தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கும், புண்ணாகிவிடும். மாமியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான்அக்கா:

மாமி கேட்கமாட்டா. மாமாவைக் கொண்டு சொல்லிவியும்.

கனகராயன்கரை:

அக்கா, மாமி இப்போது மகளுக்குக் கோப்பையும் வேறாக்கிவிட்டா. பள்ளிக்கூடத்துக்கும் விட வேண்டாமாம்.

பழையபிஎச்ஐ:

கோப்பையால் இது வருவதில்லை. பிள்ளையின் நோய் கழுத்துக்குள் இருக்கிறது, அவள் இருமவில்லை, அவளால் யாருக்கும் தொற்றாது. நாளைக்கே பள்ளிக்கு அனுப்புங்கோ. தொற்றக்கூடியவர் மாமாதான். அவருக்கும் ஒழுங்காக மருந்து போனால் சில கிழமையில் தொற்று மிகவும் குறைந்துவிடும். அதுவரை அவர் விறாந்தையில் காற்றோட்டமாகப் படுக்கட்டும், கதையைப் பகலில் முற்றத்தில் இருந்து சொல்லட்டும்.

வீட்டில் வேறு சின்னப் பிள்ளை உண்டா? அதை நீங்கள் ஒரு இடத்திலும் எழுதவில்லை.

கனகராயன்கரை:

மகன், மூன்று வயது. அவனுக்கு ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கிறான்.

பழையபிஎச்ஐ:

நல்லாக இருக்கும்போதே கொண்டு போக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே, வீட்டிலே சளியில் கிருமி உள்ள ஆள். நோய் இல்லை என்று பார்த்து உறுதிப்படுத்திவிட்டுத் தடுப்புக் குளிசை தருவார்கள். போன தரம் மகளோடு போனபோதே கேட்டிருப்பார்களே?

கனகராயன்கரை:

கேட்டார்கள் ஐயா. கூட்டிக்கொண்டு வாறேன் என்றுவிட்டு நான்தான் விட்டுவிட்டேன். திங்கள் போகிறேன்.

கனகராயன்கரை:

ஆடி மாதத்தில் எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக. மாமாவின் இரண்டாம் மாதச் சளியில் கிருமி இல்லை. வேட்டிக்குக் கயிறு தேவைப்படவில்லை. மகளுக்கு ஒரு தரம் ஊசியால் இழுத்தார்கள், இப்போது விரலால் தேடித்தான் பிடிக்க வேண்டும். 18 கிலோ 400.

சின்னவனுக்கு ஐசோனியாசிட் மட்டும், ஆறு மாதம். அதைக் குடிப்பதில் வில்லங்கம் இல்லை. அக்காவுக்கு மட்டும் சிவப்பாகப் போகிறது, தனக்கு ஏன் வரவில்லை என்று தினமும் கிணற்றடியில் நின்று சண்டை. நிறம் வருகிற குளிசையும் தரச் சொல்லி மிஸ்ஸியிடமே கேட்டுவிட்டான்.